பாசி பிடித்த ஈயம் எங்கே போகிறது?

(பள்ளிப்பட்டில் நடைபெற்ற தொடக்க, நடுநிலை, உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'கழிவுநீரில் உள்ள கன உலோகங்களைப் பாசிகளைக் கொண்டு நீக்குதல்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இது கல்லூரிப் பாடம் ஆயிற்றே, நான்காம் வகுப்பு எடுக்கும் எனக்கு இதில் என்ன வேலை என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். ஆனால் இந்தத் தலைப்புக்கும் நம் ஊர் ஆற்றுக்கும் நெருங்கிய தொடர்பு இருக்கிறது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஆந்திர எல்லையைத் தாண்டி வரும் தண்ணீர் நம் பள்ளிப்பட்டுப் பகுதி வழியாகக் கொசஸ்தலை ஆறாக ஓடுகிறது. மேலே கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் நம் தரைப்பாலங்கள் மூழ்கும் என்பதை இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தண்ணீர் பூண்டி ஏரிக்குப் போகிறது. 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம் சென்னை மாநகரின் குடிநீர் ஆதாரங்களில் ஒன்று. பூண்டியைத் தாண்டிய ஆறு மணலித் தொழிற்பகுதியின் பக்கமாகச் சென்று எண்ணூர்க் கழிமுகத்தில் கடலில் சேர்கிறது. 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழிற்பகுதிகளை 100 மதிப்பெண்ணுக்கு மதிப்பிட்டது. 70-க்கு மேல் பெற்றவை மிகக் கடுமையாக மாசடைந்தவை. அதில் மணலி பெற்றது 76.32. மதிப்பெண் கூடினால் வருத்தப்பட வேண்டிய தேர்வு அது.

நம் மாவட்டத்தின் மேற்குக் கோடியில் நாம் இருக்கிறோம். கிழக்குக் கோடியில் கும்மிடிப்பூண்டி சிப்காட் இருக்கிறது. இரும்பு உருக்காலைகளும் உருட்டாலைகளும் ரசாயன ஆலைகளும் நெருங்கி நிற்கும் இடம். அந்தப் பக்கத்து மழைநீர் பழவேற்காடு ஏரியை நோக்கி வடிகிறது. நம் மாவட்டத்துப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் பலரின் பெற்றோர் இந்த ஆலைகளில் வேலை பார்க்கிறார்கள். பழவேற்காட்டு இறாலும் நண்டும் நம் சந்தைகளுக்கும் வருகின்றன. ஆகவே இது நம்முடைய பாடம்தான்.

மூன்று கேள்விகளாக இதைப் பிரித்துக்கொள்கிறேன். பாசி உலோகத்தை எப்படிப் பிடிக்கிறது? பிடித்த உலோகம் அதற்குப் பிறகு எங்கே போகிறது? இதை நாம் வகுப்பில் எப்படிச் சொல்வது?

கன உலோகம் ஏன் தனிப் பிரச்சினை?

சாக்கடை நீரில் இருக்கும் சோற்றுக் கஞ்சி, எண்ணெய், மலம் எல்லாம் கரிமப் பொருள்கள். பாக்டீரியாக்கள் அவற்றைத் தின்று கார்பன் டைஆக்சைடாகவும் நீராகவும் மாற்றிவிடும். நேரமும் காற்றும் கொடுத்தால் போதும். ஈயம், காட்மியம், குரோமியம், பாதரசம், நிக்கல் அப்படியில்லை. அவை தனிமங்கள். எந்த நுண்ணுயிரியும் எந்த வேதிவினையும் ஈயத்தை வேறொரு தனிமமாக மாற்ற முடியாது. எரித்தாலும் ஈயம், கரைத்தாலும் ஈயம், புதைத்தாலும் ஈயம்.

அளவையும் கவனியுங்கள். இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி, 2012-ஆம் ஆண்டுப் பதிப்பில், ஒரு லிட்டரில் இருக்கத்தக்க ஈயம் 0.01 மில்லிகிராம். காட்மியம் 0.003, பாதரசம் 0.001, மொத்தக் குரோமியம் 0.05 மில்லிகிராம். இந்தத் தசமங்களை மாணவர்களிடம் அப்படியே சொன்னால் மனத்தில் நிற்காது. திருப்பிப் போட்டுச் சொல்லுங்கள். ஒரே ஒரு கிராம் ஈயம் கரைந்தால் ஓர் இலட்சம் லிட்டர் தண்ணீர் அந்த வரம்பைத் தொட்டுவிடும். 10,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் பத்து. இதை ஏழாம் வகுப்புப் பிள்ளையே கணக்குப் போட்டுச் சொல்லிவிடும்.

ஈயம் குறிப்பாக நம் தொழிலைத் தொடும் நஞ்சு. பெரியவர்களைக் காட்டிலும் சிறு குழந்தைகளின் உடல், விழுங்கிய ஈயத்தை நான்கைந்து மடங்கு கூடுதலாக உறிஞ்சிக்கொள்கிறது. வளரும் மூளையைத்தான் அது முதலில் பாதிக்கிறது. கவனம், நினைவு, கற்கும் திறன் மூன்றும் குறைகின்றன. பாதுகாப்பான அளவு என்று சொல்லத்தக்க எதுவும் தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2020-இல் யுனிசெப்பும் 'பியூர் எர்த்' அமைப்பும் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் 80 கோடிக் குழந்தைகள் வரை, அதாவது மூன்றில் ஒரு குழந்தைக்கு, இரத்தத்தில் கவலைப்படத்தக்க அளவு ஈயம் இருக்கிறது. அவர்களில் சுமார் 27 கோடிக்கும் மேற்பட்டவர்கள் இந்தியாவில் இருக்கிறார்கள். பழைய பேட்டரிகளை முறையில்லாமல் உடைத்து உருக்குவது இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

பாசி எப்படிப் பிடிக்கிறது?

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். தமிழில் சுவரில் படர்வதையும் பாசி என்கிறோம், குளத்தில் மிதப்பதையும் பாசி என்கிறோம். ஈரச் சுவரில் வெல்வெட்டுத் துணிபோல இருப்பது பெரும்பாலும் மாஸ். ஏரியை மூடும் ஆகாயத்தாமரை பூக்கும் தாவரம். இன்று நாம் பேசுவது ஆல்கா எனப்படும் பாசி. ஒரு செல் கொண்ட குளோரெல்லாவும், நூல்போன்ற ஸ்பைரோகைராவும், கடலில் பல அடி நீளம் வளரும் சர்காசமும் இதில் அடங்கும். நீலப்பசும்பாசியை இன்று பாக்டீரியா வகையில் சேர்க்கிறார்கள். ஆனாலும் நீர்ச் சுத்திகரிப்பில் அதையும் பாசியோடு சேர்த்தே பேசுவது வழக்கம்.

பழுப்புக் கடற்பாசிகளின் செல்சுவரில் ஆல்ஜினிக் அமிலம் என்ற பொருள் நிறைய இருக்கிறது. அதில் வரிசை வரிசையாகக் கார்பாக்சில் தொகுதிகள் இருக்கின்றன. அவற்றின் மீது எதிர்மின் சுமை உண்டு. ஈயம், காட்மியம், செம்பு ஆகியவை நீரில் நேர்மின் அயனிகளாகக் கரைந்திருக்கின்றன. ஆகவே ஈர்ப்பு ஏற்படுகிறது.

மாணவர்களுக்கு நான் இதைத் திருத்தணி பேருந்தைக் கொண்டு விளக்குவேன். செல்சுவர் ஒரு பேருந்து. கார்பாக்சில் தொகுதிகள் இருக்கைகள். கடலிலிருந்து வந்த பாசியில் அந்த இருக்கைகளில் ஏற்கெனவே கால்சியமும் மக்னீசியமும் சோடியமும் உட்கார்ந்திருக்கின்றன. ஈய அயனி ஏறுகிறது. இருக்கை அதை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும் என்பதால் கால்சியம் எழுந்து இறங்கிவிடுகிறது. இதைத்தான் அயனிப் பரிமாற்றம் என்கிறோம். நீரில் அமிலம் கூடினால் என்ன ஆகும்? ஹைட்ரஜன் அயனிகள் கூட்டமாக ஏறி இருக்கைகளைப் பிடித்துக்கொள்ளும். ஈயத்துக்கு இடம் கிடைக்காது. ஏற்கெனவே உட்கார்ந்திருந்த ஈயமும் இறக்கப்படும். ஆகவேதான் பி.எச். அளவு இந்த முறையில் அவ்வளவு முக்கியம். பிடிப்பதும் அதனால், விடுவிப்பதும் அதனால்.

இதில் ஒரு வியப்பு இருக்கிறது. இந்த வேலைக்குப் பாசி உயிரோடு இருக்க வேண்டியதில்லை. உலர்த்திப் பொடித்த பாசியும் உலோகத்தைப் பிடிக்கும். ஆய்வகத்தில் ஒரு கிராம் உலர்ந்த சர்காசம் 200 மில்லிகிராம் அளவுக்கு ஈயத்தைப் பிடித்திருக்கிறது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் போகுமில் வோலெஸ்கி என்ற அறிஞர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்.

உயிருள்ள பாசி வேறு இரண்டு வேலைகளைச் செய்கிறது. உலோகத்தைச் செல்லுக்குள் எடுத்து, கந்தகம் உள்ள சிறு மூலக்கூறுகளால் கட்டி ஒதுக்கி வைக்கிறது. இன்னொன்று, ஒளிச்சேர்க்கைக்காக நீரில் உள்ள கார்பன் டைஆக்சைடை எடுத்துக்கொள்வதால் நீரின் பி.எச். ஏறுகிறது. பி.எச். ஏறினால் பல உலோகங்கள் ஹைட்ராக்சைடாகவும் கார்பனேட்டாகவும் மாறிப் படிந்துவிடும். ஆனால் நஞ்சு அதிகமானால் உயிருள்ள பாசி செத்துப்போகும். குளத்துப் பாசியை ஒழிக்க மயில்துத்தம் போடுவது உண்டு. அந்தச் செம்பை நீரிலிருந்து எடுக்கவும் பாசியால் முடியும். இரண்டும் உண்மை. அளவுதான் வித்தியாசம்.

தமிழ்நாட்டில் இந்த அறிவு புதிதல்ல

இந்தியப் பாசியியலின் தந்தை என்று போற்றப்படும் மா.ஓ. பார்த்தசாரதி ஐயங்கார் (1886–1963) சென்னையில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தை வளர்த்தவர். ஈர மண்ணில் வளரும் பிரிட்ஷியெல்லா என்ற பாசியை 1932-இல் உலகுக்கு அறிமுகம் செய்தவர். அவருடைய மாணவர் தி.வெ. தேசிகாச்சாரி 1959-இல் எழுதிய நீலப்பசும்பாசி நூலை இன்றும் ஆய்வாளர்கள் புரட்டுகிறார்கள். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் கடல்வாழ் நீலப்பசும்பாசிகளுக்கென்றே ஒரு தேசிய மையம் இருக்கிறது.

மண்டபம், இராமேசுவரம் கடற்கரைக்குப் போனால் பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுப்பதைக் காணலாம். சர்காசத்தை அவர்கள் கட்டக்கோரை என்பார்கள். டர்பினேரியாவுக்குப் பெயர் பக்கோடா. பார்த்தால் ஏன் அந்தப் பெயர் என்று உடனே புரியும். இந்தப் பாசிகளிலிருந்துதான் ஆல்ஜினேட் எடுக்கிறார்கள். ஐஸ்கிரீமைக் கெட்டியாக்கவும் துணியில் சாயம் அச்சிடவும் அது பயன்படுகிறது. பொதட்டூர்பேட்டை போன்ற நெசவு ஊர்ப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லலாம்.

நமக்குத் தெற்கே இராணிப்பேட்டையில் கடற்பாசியிலிருந்து ஆல்ஜினேட் எடுக்கும் 'ஸ்னாப்' என்ற ஆலை இருக்கிறது. அதன் கழிவுநீர் கடும் அமிலத்தன்மை கொண்டது. முன்பு அதில் காஸ்டிக் சோடாவைக் கொட்டிச் சமன்செய்தார்கள். செலவும் கூடியது, கசடும் குவிந்தது. சென்னை மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரியைச் சேர்ந்த பாசி ஆய்வாளர் முனைவர் வி. சிவசுப்பிரமணியனும் அவர் குழுவினரும் 2006-ஆம் ஆண்டு வாக்கில் அங்கே சாய்தளத் தொட்டி அமைத்து, குரோகாக்கஸ் டர்ஜிடஸ் என்ற நீலப்பசும்பாசியை அந்தக் கழிவுநீரிலேயே வளர்த்தார்கள். பாசி வளர வளர அமிலத்தன்மை குறைந்தது, கசடும் குறைந்தது. ஆய்வக முடிவை ஆலை அளவில் நடத்திக் காட்டியதால் அது முக்கியமானது. 2009-இல் இதை ஆய்வுக் கட்டுரையாகவும் வெளியிட்டார்கள்.

ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். அங்கே தீர்க்கப்பட்டது முதன்மையாக அமிலப் பிரச்சினை, கசடுப் பிரச்சினை. 'பாசி இராணிப்பேட்டையின் குரோமியத்தை நீக்கிவிட்டது' என்று யாராவது மாணவர் அட்டையில் எழுதி வந்தால் திருத்துங்கள். இராணிப்பேட்டையின் குரோமியம் வேறு கதை. குரோமேட் தயாரித்து, பின்னர் மூடப்பட்ட ஓர் ஆலை விட்டுச் சென்ற ஓர் இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு அங்கே குவிந்து நிலத்தடி நீரை மஞ்சளாக்கியது. 2006-இல் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட, உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் இராணிப்பேட்டை இடம்பெற்றது.

அந்தக் குரோமியத்துக்கு நம் பேருந்து உவமையும் பொருந்தாது. ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் நீரில் குரோமேட் என்ற எதிர்மின் அயனியாக இருக்கிறது. எதிர்மின் சுமை கொண்ட இருக்கை அதைத் தள்ளிவிடும். அமிலச் சூழலில் பாசியின் கரிமப் பொருள் அதற்கு எலக்ட்ரான் கொடுத்து மூன்று இணைதிறன் குரோமியமாக மாற்றிய பிறகே பிடிக்க முடியும். எல்லா உலோகத்துக்கும் ஒரே மருந்து கிடையாது.

'அப்புறம் அந்தப் பாசியை என்ன பண்ணுவீங்க?'

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அறிவியல் கண்காட்சியில் நடுவராக இருந்தேன். பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் இதே தலைப்பில் மாதிரி செய்து வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் ஆலைக் கழிவுநீர், நடுவில் பாசித் தொட்டி, மறுபக்கம் தெளிந்த நீரில் நீந்தும் மீன். அழகாக விளக்கினார்கள். பார்வையாளராக வந்த ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கேட்டாள்: "அண்ணா, அப்புறம் அந்தப் பாசியை என்ன பண்ணுவீங்க?" அவர்களிடம் பதில் இல்லை. ஒருவன் மட்டும், "உரமாப் போடலாம்" என்றான்.

அன்று கேட்கப்பட்ட சிறந்த கேள்வி அதுதான். அதைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். கற்பனையான ஒரு சிறிய ஆலை. நாளொன்றுக்கு 10,000 லிட்டர் கழிவுநீர். லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஈயம். அப்படியானால் நாளுக்கு 50 கிராம் ஈயம். உண்மையான கழிவுநீரில் மற்ற உப்புகளும் இருக்கைக்குப் போட்டி போடும் என்பதால், ஆய்வகத் திறனில் பாதியை வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் பாசிப் பொடி 100 மில்லிகிராம் ஈயம் பிடிக்கட்டும். நாளுக்கு அரைக் கிலோ பொடி வேண்டும். மாதத்துக்கு 15 கிலோ. ஒரு சாக்குகூட நிறையாது. எவ்வளவு மலிவான வழி என்று தோன்றும்.

ஆனால் மாதக் கடைசியில் அந்தச் சாக்கில் ஒன்றரைக் கிலோ ஈயம் இருக்கிறது. 15 கோடி லிட்டர் குடிநீரை வரம்புக்குக் கொண்டுபோகும் ஈயம். அதை உரமாகப் போட்டால் ஈயம் வயலுக்குப் போகும், கீரைக்குப் போகும். அடுப்பில் எரித்தால் சாம்பலுக்கும் புகைக்கும் போகும். மழையில் வெளியே போட்டால், அதுவும் அமிலம் பட்டால், இருக்கையை விட்டு இறங்கி மறுபடி தண்ணீருக்கே வரும்.

ஆகவே 'பாசி ஈயத்தை நீக்குகிறது' என்ற வாக்கியம் பாதி வாக்கியம். முழு வாக்கியம் இது: பாசி ஈயத்தை நீரிலிருந்து எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. நாம் கற்பிக்கும் பொருண்மை அழியா விதி இங்கே நேரடியாக வேலை செய்கிறது. பத்தாயிரம் லிட்டரில் பரவிக் கிடந்ததை அரைக் கிலோவுக்குள் ஒடுக்கித் தருகிறது என்பதுதான் பாசியின் உண்மையான உதவி. அது சிறிய உதவி அல்ல. ஆனால் அத்தோடு வேலை முடிவதில்லை.

அடுத்து என்ன செய்யலாம்? முதல் வழி, நீர்த்த அமிலத்தால் பாசியைக் கழுவி உலோகத்தை இறக்குவது. சிறிதளவு திரவத்தில் உலோகம் அடர்த்தியாகக் கிடைக்கும். அதிலிருந்து உலோகத்தை மீட்டு மறுபடி தொழிலுக்கே பயன்படுத்தலாம். கழுவிய பாசியையும் பலமுறை பயன்படுத்தலாம். இரண்டாவது, மீட்க முடியாததை ஆபத்தான கழிவு என்று பதிவுசெய்து, நிலத்தில் கசியாத பாதுகாப்பான புதைகுழியில் சேர்ப்பது. தமிழ்நாட்டில் அதற்காக இருக்கும் பொது வளாகங்களில் ஒன்று நம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலேயே இருக்கிறது. பல மாவட்டத்துக் கழிவு அங்கே வருகிறது. நீரிலிருந்து எடுத்த உலோகத்துக்கு ஒரு முகவரி வேண்டும் என்று சொன்னேன் அல்லவா, அந்த முகவரி பல நேரங்களில் நம் மாவட்டம்தான்.

இத்தனை நல்ல முறை என்றால் ஏன் எல்லா ஆலைகளிலும் இல்லை என்று மாணவர் கேட்பார்கள். கேட்க வேண்டும். 1980-களின் இறுதியில் அமெரிக்காவில் குளோரெல்லாவைக் கொன்று சிலிக்கா ஜெல்லில் பதித்து 'அல்காசார்ப்' என்ற பொருளைச் செய்தார்கள். பாதரசம் கலந்த நிலத்தடி நீரில் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதைச் சோதித்தது. வேலை செய்தது. இருந்தும் ஆலைகள் பெரும்பாலும் சுண்ணாம்பையும் காஸ்டிக் சோடாவையும் செயற்கை அயனிப் பரிமாற்றப் பிசினையுமே நாடுகின்றன. காரணம், பாசியின் தரம் பருவத்துக்குப் பருவம் மாறும். உலோகம் பல வகையாகக் கலந்து வந்தால் திறன் குறையும். சாயம் கலந்த கலங்கல் நீரில் உயிருள்ள பாசிக்கு வெளிச்சம் கிடைக்காது. ஆனால் உலோகத்தின் அடர்வு குறைவாக இருக்கும் கடைசிக் கட்டத்தில், சுண்ணாம்பு எட்டாத மிச்சத்தைப் பிடிக்கப் பாசி நன்றாகப் பயன்படும்.

ஆற்றுப் பாசியும் இதையேதான் செய்கிறது

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். தொட்டியில் நாம் வளர்க்கும் பாசிக்கும் எண்ணூர்க் கழிமுகத்தில் தானாக வளரும் பாசிக்கும் வேதியியல் ஒன்றுதான். ஆற்றில் உலோகம் கலந்தால் ஆற்றுப் பாசியும் அதைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பாசியை நுண்ணுயிர் விலங்குகள் தின்னும். அவற்றை இறால் தின்னும், மீன் தின்னும். தொட்டிப் பாசியை நாம் அள்ளி எடுத்துவிடலாம். ஆற்றுப் பாசியை அள்ளுவது மீன்தான்.

இங்கேயும் உலோகத்துக்கு உலோகம் வேறுபாடு உண்டு. பாதரசம் மெத்தில் பாதரசமாக மாறியபின், உணவுச் சங்கிலியில் படிக்குப் படி பெருகும். ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் 1956-இல் வெளிப்பட்ட துயரம் அப்படி வந்தது. ஈயமும் காட்மியமும் பொதுவாக அப்படிப் படிப்படியாகப் பெருகுவதில்லை. ஆனால் சேற்றிலும், நீரை வடிகட்டி வாழும் சிப்பி, மட்டி போன்றவற்றிலும் சேர்கின்றன. பாடநூலில் உள்ள உணவுச் சங்கிலிப் படத்தை விளக்கும்போது இந்த வேறுபாட்டைச் சொல்லுங்கள்.

ஆகவே, "சார், நம்ம ஏரியில பாசியை வளர்த்துட்டா தண்ணி சுத்தமாகிடுமா?" என்று ஒரு பிள்ளை கேட்டால், அன்போடு 'இல்லை' என்று சொல்ல வேண்டும். பாசி வேலை செய்ய வேண்டிய இடம் ஆலையின் சுவருக்குள், கழிவுநீர் வெளியே வருவதற்கு முன். ஆற்றில் கலந்துவிட்ட பிறகு பாசி நம் பக்கத்து ஆள் அல்ல. சட்டமும் அதைத்தான் சொல்கிறது. பாலாற்றைக் கெடுத்த தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே அதைச் சீர்செய்யும் செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று தீர்ப்பளித்தது. நம் தமிழ்நாட்டு மக்கள் தொடுத்த வழக்கு அது.

வகுப்பறையில் செய்யத்தக்கவை

தொடக்க வகுப்புகளுக்கு: குளத்துப் பச்சைப் பாசி கொஞ்சம் எடுத்து, ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் குளத்து நீரோடு போட்டு மூடுங்கள். ஒன்றை வெயிலில் வையுங்கள். மற்றொன்றைக் கறுப்புத் துணியால் சுற்றி அதன் பக்கத்திலேயே வையுங்கள். மதியம் பார்த்தால் வெயில் புட்டியில் பாசியின் மேல் குமிழ்கள் நிற்கும். பாசி வேலை செய்கிறது என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க இது போதும்.

நடுநிலை வகுப்புகளுக்கு: அதே இரண்டு புட்டிகளின் நீரைக் காலையிலும் பிற்பகல் மூன்று மணிக்கும் பி.எச். தாளால் சோதிக்கச் சொல்லுங்கள். வெயில் புட்டியில் பி.எச். ஏறியிருக்கும். மாணவர்கள் ஒரு வாரம் அளந்து வரைபடம் போடட்டும். இராணிப்பேட்டையில் பாசி எப்படி அமிலத்தைக் குறைத்தது என்பதற்கான வாசல் இது.

ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு, ஆசிரியர் முன்னிலையில் மட்டும்: குளத்துப் பாசியை நிழலில் உலர்த்திப் பொடித்து, கழுவும் நீர் தெளியும்வரை அலசி, மறுபடி உலர்த்திக்கொள்ளுங்கள். கால் கிராம் மயில்துத்தத்தை 100 மில்லி நீரில் கரையுங்கள். 50 மில்லி ஒரு முகவையில் அப்படியே இருக்கட்டும். மற்ற 50 மில்லியில் 2 கிராம் பாசிப் பொடியைப் போட்டு அரை மணி நேரம் கலக்கி வடிகட்டுங்கள். இரண்டிலிருந்தும் சம அளவு எடுத்து, காற்றோட்டமான இடத்தில் வைத்துச் சில துளி அம்மோனியாக் கரைசல் விடுங்கள். முதலாவது அடர்நீலமாகும். இரண்டாவதில் நீலம் குறைந்திருக்கும். முழுவதும் போகாது. போய்விட்டது என்று எழுத விடாதீர்கள்.

பாதிப் பேர் இங்கேயே நிறுத்திவிடுகிறோம். நிறுத்தக் கூடாது. வடிதாளில் தங்கிய பாசியை 20 மில்லி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து வடிகட்டுங்கள். அந்த வடிநீரில் உப்புத்தாளால் தேய்த்த இரும்பு ஆணி ஒன்றைப் போட்டு வையுங்கள். சிறிது நேரத்தில் ஆணியின் மேல் செந்நிறமாகச் செம்பு படியும். நீரில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருந்த உலோகம், பாசிக்குப் போய், அமிலத்துக்குப் போய், கடைசியில் கையில் பிடிக்கும் உலோகமாகத் திரும்பி வந்துவிட்டது. வினைதிறன் வரிசையும் அயனிப் பரிமாற்றமும் பொருண்மை அழியா விதியும் ஒரே சோதனையில் வந்துவிடுகின்றன.

மூன்று எச்சரிக்கைகள். ஈய நைட்ரேட்டையும் பொட்டாசியம் டைகுரோமேட்டையும் மாணவர் கையில் கொடுக்காதீர்கள். ஆலைக் கழிவுநீரைப் பள்ளிக்கு எடுத்துவரச் சொல்லாதீர்கள். செம்புக் கரைசலையும் அந்தப் பாசியையும் தொட்டியில் கொட்டாமல், பெயர் எழுதிய மூடியுள்ள புட்டியில் சேர்த்து வையுங்கள். செம்பு மீனுக்கு நஞ்சு. நாம் பேசிய பாடத்தை நாமே மீறக் கூடாது.

இறுதியாக, கண்காட்சிக்கும் செயல்திட்டத்துக்கும் வழிகாட்டும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாசி, கரி, வாழைத்தோல், தேங்காய் நார் என்று எதைக் கொண்டு நீரைச் சுத்தம் செய்யும் திட்டமாக இருந்தாலும், கடைசிப் பக்கத்தில் ஓர் அட்டவணை கேளுங்கள். நீரில் வந்தது எவ்வளவு, நீரில் மிஞ்சியது எவ்வளவு, பாசியில் இருப்பது எவ்வளவு, அமிலத்தில் இறங்கியது எவ்வளவு, புட்டியில் அடைத்து வைத்தது எவ்வளவு. ஐந்து கட்டங்கள். எண் கிடைக்காத கட்டத்தில் 'அளக்கவில்லை' என்று நேர்மையாக எழுதட்டும். அந்த அட்டவணையை நிரப்பப் பழகிய பிள்ளை நாளைக்கு ஓர் ஆலையில் பொறியாளராகவோ தொழிலாளியாகவோ, ஓர் ஊராட்சியில் உறுப்பினராகவோ உட்காரும்போது, 'நீக்கப்பட்டது' என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போடும் முன் ஒரு கேள்வி கேட்கும்.